பிரிக்காத பெட்டிக்குள் விரியும் விரிசல்

பெட்டியின் முத்திரைகூட உடையவில்லை. வெயில் படாத அலமாரியில் பத்திரமாக இருந்த உருமாறும் ரோபோ பொம்மை. முதன்முறையாக வெளியே எடுத்து, வண்டி வடிவிலிருந்து ரோபோவாக்கலாம் என்று கையை மெல்லத் திருப்பினால், தோள்மூட்டு பொடிந்து கையோடு வந்துவிடுகிறது. 1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் தங்க நிறப் பிளாஸ்டிக்கில் வந்த பல பொம்மைகளுக்கு இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. 1988-ல் ஜப்பானில் வெளியான பிளாக் ஜராக் என்ற ரோபோ இதற்குப் பேர்போனது. சேகரிப்பாளர்கள் இதை 'கோல்டு பிளாஸ்டிக் சிண்ட்ரோம்' என்று ஒரு நோயைப் போலவே பெயரிட்டு அழைக்கிறார்கள்.

யாரும் தொடாத பொம்மை எப்படி உடையும்? தொழிற்சாலையில் மூட்டுக்குள் எஃகுப் பின்னை அடித்துப் பூட்டிய நாளிலிருந்தே அந்த மூட்டு சுமை தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் விடை. நம் கை கொடுப்பது கடைசிச் சிறு பங்கு மட்டும். இதைப் புரிந்துகொண்டால், எதைச் செய்தால் மூட்டு பிழைக்கும், எதைச் செய்தால் சாகும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

இதைக் கோவைக்காரர்களுக்குச் சொல்வதில் ஒரு காரணம் உண்டு. இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் 1937-ல் பீளமேட்டில் உருவானது என்பது இந்த ஊரின் தொழில் வரலாறு. அன்றிலிருந்து மோட்டார், பம்ப்செட், கிரைண்டர், நூற்பு இயந்திரம் என்று ஷாஃப்ட்டும் துளையும் சேரும் இடத்தோடுதான் கொங்கு நாட்டுப் பட்டறைகள் நாள் முழுக்க மல்லுக்கட்டுகின்றன. பொம்மையின் தோளிலும் இருப்பது அதே ஷாஃப்ட், அதே துளை. அளவுதான் சிறியது.

இன்னொரு காரணம் விலை. ஜப்பானின் பாப்பி நிறுவனத்தின் சோகோகின் உலோக ரோபோக்கள் 1974-ல் வந்தன. டக்காரா 1980-ல் டயாக்ளோன் வரிசையைத் தொடங்கியது. அந்த அச்சுகளை வாங்கி அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று விற்றது. சிறுவயதில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் பார்த்தவர்கள், இன்று சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். பொம்மைக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. உதிரி பாகமோ எளிதில் கிடைக்காது. உடைந்தால் நாமே சரிசெய்தாக வேண்டும்.

மூட்டு எதனால் நிற்கிறது?

உருமாறும் பொம்மையில் மூன்று வகை மூட்டு முக்கியம். பிளாஸ்டிக் துளைக்குள் எஃகுப் பின் செருகிய கீல் மூட்டு ஒன்று. குண்டு ஒன்று கிண்ணத்துக்குள் அமரும் பால் ஜாயின்ட் இரண்டாவது. திருப்பும்போது 'டக் டக்' என்று பல் மாறும் ரேட்சட் மூன்றாவது. முதல் இரண்டும் உராய்வை மட்டுமே நம்பி நிற்பவை. நீட்டிய கை கீழே விழாமல் நிற்க வேண்டுமானால் துளை பின்னை எப்போதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு இறுக்கம் தேவை? கையின் எடை 40 கிராம், அதன் எடைமையம் தோளிலிருந்து 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மூட்டு தாங்க வேண்டிய திருப்புவிசை 200 கிராம்-சென்டிமீட்டர். நாம் மணிக்கட்டைப் பிடித்து, தோளிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, 1 கிலோ விசை கொடுத்தால் அது 10,000 கிராம்-சென்டிமீட்டர். கையின் சொந்த எடை தருவதைவிட 50 மடங்கு. அதே 1 கிலோவைத் தோளுக்கு 2 சென்டிமீட்டர் அருகில் பிடித்துக் கொடுத்தால் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 'மூட்டுக்குப் பக்கத்தில் பிடி' என்று அனுபவசாலிகள் சொல்வதன் கணக்கு இதுதான். பக்கத்தில் பிடித்தும் அசையாத மூட்டு ஏதோ சொல்கிறது என்று நிறுத்திவிட வேண்டும்.

பெரிய பொம்மைகள் ஏன் சீக்கிரம் தளர்கின்றன என்பதற்கும் கணக்கு உண்டு. எல்லா அளவையும் இரட்டிப்பாக்கினால் எடை 8 மடங்காகும். கையின் நீளமும் இரட்டிப்பதால் திருப்புவிசை 16 மடங்கு. ஆனால் அதே அழுத்தத்தில் உராய்வு தாங்கக்கூடியது 8 மடங்குதான். மீதியைச் சமாளிக்கத் தயாரிப்பாளர் இன்னும் இறுக்க வேண்டும், அல்லது ரேட்சட் வைக்க வேண்டும். இறுக்கினால் விரிசலுக்கு வழி திறக்கிறது.

ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு

2 மி.மீ. எஃகுப் பின்னை 1.98 மி.மீ. துளைக்குள் அடித்து ஏற்றுவதாகக் கொள்வோம். வித்தியாசம் 0.02 மி.மீ. லேத் ஓட்டுபவருக்கு இது தினப்படி அளவு. பின் எஃகு, நசுங்காது. துளையின் சுற்றளவுதான் 1 சதவீதம் இழுபட வேண்டும். பொம்மைகளில் மிகுதியாகப் பயன்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் இந்த இழுவை சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ தகைவை (ஸ்ட்ரெஸ்) உண்டாக்கும். ஏ.பி.எஸ். நிரந்தரமாக நெளிந்துகொடுக்கும் எல்லை சுமார் 400 கிலோ. அதாவது பொம்மை அலமாரியில் சும்மா நிற்கும்போதே, தன் வலிமையில் பாதியை அந்தத் துளை செலவழித்துக்கொண்டிருக்கிறது. இரவும் பகலும், வருஷக்கணக்கில்.

எஃகு இப்படி இழுபட்டால் அப்படியே இருக்கும். பிளாஸ்டிக் அப்படி இருக்காது. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று மெல்ல வழுக்கி இடம் மாறும். அதன்பின் இரண்டில் ஒன்று நடக்கும். சங்கிலிகள் சமமாக வழுக்கினால் தகைவு குறைந்து மூட்டு லூஸாகும். ஓரிடத்தில் மட்டும் பிரிந்தால் அங்கே நுண்ணிய வெண்கோடுகள் தோன்றி, நாளடைவில் விரிசலாகும். ஏ.பி.எஸ்.ஸுக்குள் பியூட்டாடையீன் என்ற ரப்பரின் நுண்துளிகள் உண்டு. விரிசல் முனையை அவை தடுத்து நிறுத்துவதால் ஏ.பி.எஸ். பெரும்பாலும் தளர்வதோடு தப்பிக்கிறது. கண்ணாடி போன்ற பாகங்களில் இந்த ரப்பரைக் கலப்பது கடினம், ஏனென்றால் ரப்பர் துளிகள் ஒளியைச் சிதறடித்து மங்கலாக்கும். வண்டியின் கண்ணாடியோடு சேர்ந்த கீல்கள் முதலில் உடைவது இதனால்தான்.

வெப்பநிலை இதில் நேரடியாகத் தலையிடுகிறது. ஒரு டிகிரி குளிர்ந்தால் எஃகு சுருங்குவதைப் போல ஏழெட்டு மடங்கு ஏ.பி.எஸ். சுருங்கும். 35 டிகிரி கோவையிலிருந்து 5 டிகிரி ஊட்டி இரவுக்கு அந்தப் பொம்மையை எடுத்துப் போனால், துளை பின்னைவிட 0.005 மி.மீ. கூடுதலாகச் சுருங்கும். பார்க்கச் சொற்பம். ஆனால் நம் இறுக்கமே மொத்தம் 0.02 தான் என்பதால், தகைவு கால் பங்கு கூடிவிடுகிறது. குளிரில் பிளாஸ்டிக் விறைப்பாகவும் இருக்கும். குளிர்காலத்தில் மலையில் வைத்தோ, குளிர்ந்த பார்சலைப் பிரித்த கையோடோ உருமாற்றக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை சில மணி நேரம் பொறுக்க வேண்டும்.

இதையே திருப்பிப் போட்டால் மருந்து. மோட்டார் பட்டறையில் பேரிங்கை ஷாஃப்ட்டில் ஏற்றும் முன் சூடுபண்ணுகிறார்கள். 50 மி.மீ. உள்விட்டமுள்ள பேரிங் 80 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 0.05 மி.மீ. விரியும், சுத்தியல் இல்லாமலே உட்காரும். பொம்மை மூட்டையும் ஹேர் டிரையரிலோ, 65 டிகிரி வெந்நீரிலோ ஒரு நிமிடம் காட்டினால், 2 மி.மீ. பின்னைப் பொறுத்தவரை இறுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு விட்டுக்கொடுக்கும். பிளாஸ்டிக்கும் கொஞ்சம் இளகும். ஏ.பி.எஸ். முழுதும் இளகத் தொடங்குவது 100 டிகிரிக்குச் சற்று மேலே. கொதிநீரும் ஹாட் ஏர் கன்னும் வேண்டாம். வெந்நீரில் நனைத்தால் எஃகுப் பின் துருப்பிடிக்காதபடி உடனே உலர்த்த வேண்டும்.

தங்க நிறம் ஏன் பொடிகிறது?

துளையுள்ள பாகத்தை அச்சில் வார்க்கும்போது, உருகிய பிளாஸ்டிக் 'கேட்' என்ற நுழைவாய் வழியாக உள்ளே வந்து, துளைக்கான கோர் பின்னைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, மறுபக்கம் மீண்டும் சந்திக்கும். சந்திக்கும்போது முனைகள் சற்று ஆறியிருப்பதால் சங்கிலிகள் முழுதாகப் பின்னிக்கொள்வதில்லை. கோவை ஃபவுண்டரிகளில் இரும்பு வார்ப்பில் இதைக் கோல்டு ஷட் என்பார்கள். பிளாஸ்டிக்கில் இது வெல்டு லைன். துளையைச் சுற்றியுள்ள சுவரில் இருப்பதிலேயே பலவீனமான கோடு இது. பின் அந்தச் சுவரை நிரந்தரமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. பலவீனமும் தகைவும் ஒரே இடத்தில்.

தங்க நிறத்துக்காகச் சேர்த்த மினுமினுப்புச் செதில்கள் இந்தக் கோட்டில் குறுக்காகத் திரும்பி வரிசையாக நின்றுவிடும். பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு ஒட்ட வேண்டிய இடத்தில் செதில் குறுக்கே நிற்கிறது. தங்கச் சுழிகள் தெரியும் பழைய பாகத்தைக் கையில் எடுத்து, லென்ஸ் வைத்துத் துளையின் விளிம்பைப் பாருங்கள். சுழிகள் ஓரிடத்தில் மயிரிழைபோல் ஒரு கோட்டில் கூடி முடியும். உடையும் இடம் பெரும்பாலும் அதுதான்.

விரிசல் ஒருமுறை பிறந்தால் நிற்காததற்கும் காரணம் உண்டு. இங்கிலாந்துப் பொறியாளர் சார்லஸ் இங்லிஸ் 1913-ல் அதைக் கணக்கிட்டுக் காட்டினார். இழுபடும் தகட்டில் வட்டத் துளை இருந்தால் அதன் விளிம்பில் தகைவு 3 மடங்கு. அகலத்தைப் போல 10 மடங்கு நீளமான நீள்வட்டம் இழுவைக்குக் குறுக்காக இருந்தால், அதன் முனையில் 21 மடங்கு. விரிசல் என்பது அதைவிடக் கூர்மையானது. பம்ப் உடலில் ஓடும் விரிசலின் முனையில் ஒரு சிறு துளை போட்டு அதை நிறுத்துவார்களே, அந்தக் கைவைத்தியம் இங்லிஸ் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. கூர்முனை வட்டமானதும் தகைவு இறங்கிவிடுகிறது. பொம்மைக் கீலில் 0.5 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் உருட்டி இதையே செய்யலாம்.

உலோகம் என்றால் உடையாது என்று எண்ண வேண்டாம். பழைய ரோபோக்களின் டை-காஸ்டிங் துத்தநாகக் கலவையால் ஆனது. அதில் ஈயம் லட்சத்தில் சில பங்கைத் தாண்டினாலே, ஈரக்காற்றில் படிகங்களுக்கிடையே அரிப்பு பரவி உலோகமே உப்பி வெடிக்கும். இதற்கு மருந்தில்லை, உலர்ந்த இடத்தில் வைத்து வேகத்தைக் குறைக்கலாம்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம்

டைட்டான மூட்டைப் பார்த்ததும் எண்ணெய் விடத் தோன்றும். பொள்ளாச்சி, காங்கயம் பக்கம் வீட்டில் எப்போதும் இருப்பது தேங்காய் எண்ணெய். இல்லாவிட்டால் தையல் மெஷின் எண்ணெய். இரும்புக்கு நல்லவை இவை. இழுபட்டு நிற்கும் பிளாஸ்டிக்குக்கு அப்படியல்ல.

சும்மா கிடக்கும் பிளாஸ்டிக்கில் எண்ணெய் பட்டால் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். தகைவில் இருக்கும் பிளாஸ்டிக்கில் அதே எண்ணெய் நுண்விரிசல்களுக்குள் ஊடுருவி, சங்கிலிகளின் பிடியைத் தளர்த்தி, பிளவை வேகப்படுத்தும். குளிர்பதனப்பெட்டியின் உட்சுவர் உணவுக் கொழுப்பு பட்டுப் பட்டு வெடிப்பது இப்படித்தான். பெட்ரோல், தின்னர், துரு நீக்கும் ஸ்பிரே ஆகியவை இன்னும் வேகமானவை. பால் ஜாயின்ட் லூஸானால் நெயில் பாலிஷ் பூசச் சொல்வார்கள். அதிலுள்ள கரைப்பானும் ஏ.பி.எஸ்.ஸைத் தின்னும். மூட்டுக்கு ஏற்றது தூய சிலிக்கான் எண்ணெய், ஊசி முனையில் ஒரு சொட்டு. லூஸான குண்டுக்கு, தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையை மெல்லப் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, பிறகு கிண்ணத்தில் பொருத்தலாம். தேவைப்படுவது 0.02 மி.மீ. படலம்தான். கூடிப்போனால் வெந்நீரில் கழுவி மறுபடி பூசிக்கொள்ளலாம்.

உப்புத் தண்ணீர்ச் சோதனை

ஒட்டும் முன் அது எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். சமையலறையிலேயே கண்டுபிடிக்கலாம். 200 மில்லி தண்ணீரில் 72 கிராம் உப்பைக் கரையுங்கள். இதற்குமேல் உப்பு கரையாத அளவு. இதன் அடர்த்தி சுமார் 1.2. பின் கழற்றிய உடைந்த துண்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, காற்றுக் குமிழ் ஒட்டாமல் முதலில் வெறும் தண்ணீரிலும் பிறகு உப்புத் தண்ணீரிலும் விடுங்கள். இரண்டிலும் மிதந்தால் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். வெறும் தண்ணீரில் மூழ்கி உப்பில் மிதந்தால் பெரும்பாலும் ஏ.பி.எஸ். அல்லது நைலான். இரண்டிலும் மூழ்கினால் பெரும்பாலும் பாலிஅசிட்டால் அல்லது பி.வி.சி. மிதப்பதில் ஏ.பி.எஸ். எது, நைலான் எது என்று பிரிக்க, கண்ணில் படாத மூலையில் ஊசி முனையால் ஒரு புள்ளி அசிட்டோன் வையுங்கள். பிசுபிசுத்தால் பெரும்பாலும் ஏ.பி.எஸ்.

ஏ.பி.எஸ். என்றால் வழி உண்டு. அதன் துருவலை அசிட்டோனில் கரைத்த குழம்பைத் தடவினால் இருபக்கச் சங்கிலிகளும் கலந்து ஒரே பொருளாகும். ஆனால் பின் உள்ளே இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. தகைவும் கரைப்பானும் கூடினால் விரிசல் நம் கண்முன்னேயே ஓடும். முதலில் பின்னைக் கழற்றி, ஒட்டி, இரண்டு நாள் ஆறவிட்டு, துளையைக் கைத்துரப்பணத்தால் ஒரு நூலிழை அகலப்படுத்தி, பிறகே பின்னை ஏற்ற வேண்டும். பாலிஅசிட்டாலையும் பாலிபுரொப்பிலீனையும் எந்தப் பசையும் நம்பகமாகப் பிடிக்காது. மெல்லிய பித்தளைக் கம்பியைக் குறுக்கே செருகிக் கட்ட வேண்டும். உடனடிப் பசையான சயனோஅக்ரிலேட் கெட்டியானதும் நொறுங்கும் தன்மையுடையது. கசிந்து மூட்டையே உறைய வைத்துவிடும். அசையும் இடத்துக்கு அது ஆகாது.

பின்னைக் கழற்றுவதில் ஒரு நுணுக்கம். பல பின்களின் ஒரு முனையில் நர்லிங் எனப்படும் சொரசொரப்பான வரிகள் இருக்கும். அந்த முனைதான் பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிடிப்பது. வழவழப்பான முனையிலிருந்து தட்டி, நர்லிங் முனை முதலில் வெளிவரும்படி எடுக்க வேண்டும். மாற்றித் தட்டினால் வரிகள் துளை நெடுக உழுது, ஆரோக்கியமான சுவரையும் கீறிவிடும். எந்த முனை எது என்று தெரிய, லென்ஸில் இரு துளைகளையும் ஒப்பிட்டால் போதும்; நர்லிங் பக்கம் விளிம்பு பல்பல்லாகத் தெரியும்.

இடுப்புக்குள் ஒரு ரப்பர் வளையம்

நம் ஊர்ச் சிறுவர்களுக்கு நெருக்கமான மூட்டு இன்னொன்று உண்டு. சென்னையின் எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், இந்தியாவில் ஜி.ஐ. ஜோ பொம்மைகளைத் தயாரித்து விற்றது. அவற்றின் தனித்த நிறச் சேர்க்கைகளுக்காக வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் இன்று அவற்றைத் தேடுகிறார்கள். அந்தப் பொம்மையின் உடலையும் கால்களையும் சேர்த்துப் பிடிப்பது இடுப்புக்குள் இழுத்து மாட்டிய ஒரு ஓ-ரிங். ரப்பர் சங்கிலிகளின் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் தாக்கும். இழுபட்ட ரப்பரில் தாக்குதல் இழுவைக்குக் குறுக்கே விரிசலாக வெடிக்கும். இங்கேயும் நிரந்தரத் தகைவுதான் எதிரி.

ஆனால் பம்ப்செட் ஊரில் ஓ-ரிங்குக்குப் பஞ்சமில்லை. பழைய வளையத்தின் உள்விட்டத்தையும் தடிமனையும் வெர்னியரில் அளந்துகொண்டு ஸ்பேர்ஸ் கடைக்குப் போனால், கண்ணாடிப் பெட்டியிலிருந்து பொருத்தமானதை எடுத்துத் தருவார்கள். கறுப்பு நைட்ரைல் ரப்பர் எண்ணெய்க்கு ஏற்றது. ஓசோனைத் தாங்குவதில் இ.பி.டி.எம். மேல். எண்ணெயே படாத பொம்மைக்கு இரண்டாவதைக் கேட்டு வாங்குவது நல்லது. சில ரூபாய் வளையத்தில் முப்பது வருஷத்துப் பொம்மை மறுபடி இடுப்பு நிமிர்ந்து நிற்கும்.

அச்சு செய்பவர்களுக்கு

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) முத்திரை கட்டாயம். உடைந்து உதிரும் சிறு பாகம் குழந்தையின் தொண்டையில் அடைக்கும் என்பதால், மூட்டின் வலிமை உயிர்ப் பிரச்சினையும்கூட. இறக்குமதி வரி உயர்ந்திருக்கும் இந்தக் காலத்தில், உள்நாட்டில் நல்ல அசையும் பொம்மை செய்ய இடம் திறந்திருக்கிறது. அதற்கான டூல் ரூம்கள் கணபதியிலும் பீளமேட்டிலும் குறிச்சியிலும் ஏற்கெனவே இருக்கின்றன.

அவர்கள் செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. கேட்டை இடம்மாற்றி, வெல்டு லைன் கீலின் மெல்லிய சுவரில் விழாமல் தடுக்க வேண்டும். உள்மூலைகளை வளைவாக விட வேண்டும். துளைச் சுவரில் ஒரு பிளவு விட்டால் அது ஸ்பிரிங்காக வேலை செய்து, அதே பிடியைக் குறைந்த தகைவில் தரும். மினுமினுப்புச் செதில் கலந்த பிளாஸ்டிக்கை மூட்டுக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது; தங்க நிறம் வேண்டுமானால் மேலே பூசிக்கொள்ளலாம். பின்னுக்கு மாற்றாகத் திருகாணி வைத்தால், தளர்ந்த மூட்டை வாங்கியவரே முடுக்கிக்கொள்வார்.

சேகரிப்பாளர் வீட்டில் ஊசி முனையில் செய்கிற ஒவ்வொரு வைத்தியமும், அச்சு செதுக்கிய நாளில் விட்டுப்போன ஒரு முடிவுக்கான ஈடு. உடைந்த மூட்டுகளைத் தூக்கி எறியாமல், எந்தப் பிளாஸ்டிக், எந்தக் கோட்டில் உடைந்தது என்று குறித்து வைத்துப் பட்டறைக்காரர்களிடம் காட்டுங்கள். அடுத்த பொம்மையின் மூட்டைத் திருத்தி வரைய அவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.